அமிர்தத்தின் வயிற்றெரிச்சல்

அமிர்தத்துக்கு வாய்த்த ஓரகத்தி நல்லவளாகப் போனதுதான் அவளுக்கு வந்த முதல் கஷ்டம். கெட்டவளாக இருந்திருந்தால் வாரத்துக்கு ஒரு சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். காசியம்மாள் சண்டைக்கும் வரமாட்டாள், விட்டுக்கொடுத்ததைச் சொல்லிக்காட்டவும் மாட்டாள். அப்படிப்பட்ட ஒருத்தி மேல் பொறாமைப்பட்டால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை முகத்துக்கு நேராக நிற்கிற ஊர். அண்ணன் பச்சமுத்துவைக் கட்டியவள் காசியம்மாள். தம்பி வீரமுத்துவைக் கட்டியவள் அமிர்தம். கூரை ஒன்று, வாசல் ஒன்று, அடுப்பு மட்டும் இரண்டு. கொஞ்சம் மேட்டு நிலத்தில் மரவள்ளியும், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற நிலக்கடலையும் போட்டார்கள். அது போதாத மாதங்களில் அமிர்தம் நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போவாள். இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் பிள்ளை பிறந்தது. காசியம்மாளுக்குப் பையன், சுபாஷ். அமிர்தத்துக்குப் பெண். மணிமொழி என்று ஆசையாகப் பேர் வைத்தவன் வீரமுத்து.

சுபாஷ் சீக்கிரமே பேசினான். மழலையே இல்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் போலப் பேசினான். "பரவலாக மழை பெய்யும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்று அரைஞாண் கயிற்றோடு நின்று அவன் சொல்வதைக் கேட்கத் தெருவே கூடும். எந்த பஸ் எந்தெந்த ஊர் வழியாகப் போகும் என்று கேட்டால் ஒப்பித்துக்கொண்டே போவான், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டான். கலெக்டராக வருவான் என்றார்கள். அமிர்தமும் கூட்டத்தோடு நின்று சிரிப்பாள். வயிறு மட்டும் காந்தும்.

ஏனென்றால் மணிமொழி வாய் திறக்கவில்லை. நடந்தாள், ஓடினாள், பித்தளை மூடியைத் தரையில் சுழலவிட்டு அது ஓய்கிற வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அமிர்தம் புதுச்சேலை கட்டினால் வீறிட்டு அழுவாள். ஊரில் ஊமை என்றார்கள், செவிடு என்றார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் காதுக்குப் பக்கத்தில் கையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை என்றார். ஆனால் காசியம்மாள் தன் அடுப்படியில் வெல்ல டப்பாவைத் திறந்தால் வாசலின் அந்தக் கோடியிலிருந்து மணிமொழி ஓடி வருவாள். செவிட்டுப் பிள்ளைக்கு டப்பா சத்தம் எப்படிக் கேட்கும்? வேறொரு டாக்டர் மூளை வளர்ச்சி கம்மி என்றார். அதுவும் அமிர்தத்துக்கு ஒட்டவில்லை. தாழ்ப்பாளைத் திறக்கத் தெரிகிறது, எந்தச் சாமான் எங்கே இருந்தது என்று தெரிகிறது; அது என்ன மந்தம்?

மூன்றாவதாகப் போன டாக்டர்தான் நெஞ்சில் கத்தியை இறக்கினார். வெளியூரில் ஆஸ்பத்திரி வைத்திருந்தவர், நிறையப் படித்தவர் என்று பேர்.

"பிள்ளையை விட்டுட்டு நீ வேலைக்குப் போறியா?"

"ஆமாங்க. நடவு காலத்துல போவன்."

"அதான். தாய்ப்பாசம் கிடைக்காத பிள்ளை இப்படித்தான் தன்னைத்தானே பூட்டிக்கும்."

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அமிர்தம் அழவில்லை. நான் கொடுக்காத பாசத்தை யார் கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். வெல்லம் வேண்டுமென்றால் மணிமொழி போய் நிற்பது காசியம்மாளிடம். பெற்றவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் தாண்டிக்கொண்டு போய்ப் பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பாள். அமிர்தத்தின் கையை அவள் ஒரு நாளும் பிடித்ததில்லை. அவளுக்குப் பேசுகிற பிள்ளை ஒன்று சொந்தமாக இருக்கிறது. பேசாத என் பிள்ளையையும் அவளே எடுத்துக்கொண்டாளே!

அடுத்த வாரமே அமிர்தம் வாசலை இரண்டாகப் பிரித்துக் குறுக்கே மூங்கில் படல் கட்டினாள்.

"இன்னாத்துக்கு இது?" என்றான் வீரமுத்து.

"கோழி வருது."

காசியம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணிமொழிதான் படலில் தலையை முட்டிக்கொண்டு அலறினாள். நெற்றி வீங்கியது. சோறு இறங்கவில்லை. அமிர்தம் அவளை மடியில் இழுத்துப் போட்டு, வெல்லத்தை வாயில் திணித்துப் பார்த்தாள், துப்பிவிட்டாள். படலுக்கு அந்தப் பக்கமிருந்து சுபாஷ் எட்டிப் பார்த்து, "சித்தி, மணிமொழி தொடர்ந்து அழுதுகொண்டிருக்கிறாள்" என்று செய்தி வாசித்தான். அவனை ஓங்கி ஓர் அறை அறையலாம் போலிருந்தது. படல் அப்படியே நின்றது.

சங்கராபுரத்தில் சுகாதார நிலைய நர்ஸ் செந்தமிழ்ச்செல்வி பிள்ளையின் நெற்றிக் காயத்துக்கு மருந்து போடும்போது சொன்னாள்: "புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா இந்த மாதிரி பிள்ளைங்கள மட்டும் தனியா பாக்குறாங்க. நான் சொல்லி வைக்கிறேன், வியாழக்கிழமை கூட்டிக்கினு போங்க." அமிர்தம் அந்த வியாழக்கிழமையைச் சாமி நாள் மாதிரி பார்த்திருந்தாள்.

அது எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறக்கிற சமயம். பிள்ளைகளுக்கு ஐந்து வயசு. தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு வடமாவட்டம் முழுக்கச் சாலை மறியல் என்று ஊர் ஊராகச் சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே அந்த வாரம் தென்னாற்காட்டில் ஒரு சக்கரம் உருளவில்லை. புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள், பாலத்தை ஒட்டிப் பள்ளம் பறித்தார்கள். சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்துப்போனதாகச் சேதி வந்தது. சங்கராபுரம் சாலையில் மரம் வெட்டப் போனவர்களில் பச்சமுத்துவும் வீரமுத்துவும் இருந்தார்கள்.

கோடாலியோடு வீடு திரும்பிய புருஷனை அமிர்தம் வாசலிலேயே நிறுத்தினாள்.

"உன் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான் மரத்த சாச்சியா?"

"எல்லாருக்குந்தான் வழி அடைஞ்சிருக்குது. நம்ம புள்ளைங்க நாளைக்கிப் படிச்சி ஒரு வேலைக்கிப் போவணும்னுதான பண்றோம்."

"யார் புள்ளைங்க? அந்த சுபாஷ் போவான், கலெக்டர் ஆவான். பேசாத பொண்ணுக்கு எந்த ஒதுக்கீட்டுல எடம் வச்சிருக்கீங்க, சொல்லு!"

வீரமுத்து கோடாலியைச் சுவரோரம் சாத்தினான். படலுக்கு அந்தப் பக்கம் காசியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் சட்டென்று நின்றது. கேட்டுவிட்டாள் என்று தெரிந்தும் அமிர்தம் குரலைத் தணிக்கவில்லை.

மறியல் முடிந்ததும் போலீஸ் வந்தது. ஆண்கள் கையில் அகப்பட்டால் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணனும் தம்பியும் விடிவதற்குள் கல்வராயன் மலைமேல் தெரிந்தவர் ஒருவரின் தினைக்கொல்லைக்கு ஏறிவிட்டார்கள். வீட்டில் இரண்டு பெண்களும் இரண்டு பிள்ளைகளும். பஸ் ஓட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அமிர்தம் கிளம்பினாள். மணிமொழியைத் தூக்கிக்கொண்டு பஸ் படியில் கால் வைத்தாள்; பிள்ளை உடம்பை வில்லாக வளைத்துக் கீழே விழுந்து புரண்டது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் போய்விட்டது.

நிறுத்தத்தில் நின்ற ஜனம் பார்க்கப் பிள்ளையை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்த அமிர்தம் படலைப் பிடுங்கிப் போட்டாள்.

"அக்கா, நீ வரியா?"

காசியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "இரு, சுபாஷுக்குச் சட்ட மாட்டி இட்டுக்கினு வரன். அவன யாருகிட்ட வுட்டுட்டு வர்றது?"

மணிமொழி பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள், புதுச்சேரி வரைக்கும் விடவில்லை. பக்கத்து சீட்டில் அமிர்தம் சும்மா கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா ஊசி எடுக்கவில்லை, ரத்தம் எடுக்கவில்லை. பாயை விரித்துத் தானும் கீழே உட்கார்ந்துகொண்டார். ஒரு பொம்மை, கொஞ்சம் கட்டைகள், மூடி போட்ட டப்பா. மணிமொழி பொம்மையைத் தொடவில்லை. கட்டைகளை நேராக அடுக்கினாள்; டாக்டரம்மா ஒன்றை நகர்த்தியதும் அலறிவிட்டு மறுபடி நேராக்கினாள். "அங்க பாரு, காக்கா!" என்று ஜன்னலைக் காட்டியபோது ஜன்னலைப் பார்க்கவில்லை, காட்டிய விரலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இப்படிப் போனது.

"இவளுக்கு எதாவது வேணும்னா எப்படிக் கேப்பா?" என்றார் டாக்டரம்மா.

அமிர்தம் வாயைத் திறந்தாள். அவளிடம்தான் பிள்ளை எதையும் கேட்டதில்லையே.

காசியம்மாள் தயங்கிக்கொண்டே, "என் கைய இஸ்துக்கினு போய் டப்பா மேல வச்சிடுவாங்க" என்றாள்.

"அப்ப உங்க முகத்தைப் பார்ப்பாளா?"

"இல்லைங்க. கையத்தான் பாக்கும். தெறக்குறதுக்கு ஒரு சாமான் வேணும், என் கை அதுக்கு ஒரு சாமான் மாதிரி. நாந்தான்னு கூட இல்லைங்க. அன்னிக்கி எங்க வூட்டுக்கு வந்தவங்க கையயும் புடிச்சி இஸ்துச்சி."

அமிர்தம் சட்டென்று நிமிர்ந்தாள். இத்தனை நாள் பாசம் என்று எதைப் பார்த்து வெந்தாளோ, அதைக் காசியம்மாள் ஒரு நாளும் பாசம் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். இதற்கு ஆட்டிசம் என்று பேர். ரத்தத்திலும் எக்ஸ்ரேயிலும் தெரியாது. பிள்ளையைப் பார்த்தும், வளர்த்தவர்களைக் கேட்டும்தான் சொல்ல முடியும். மனுஷரோடு ஒட்டுவது, பேச்சு, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது என்று மூன்று பக்கத்திலும் வித்தியாசம் இருக்கிறதா, அது சின்ன வயசிலேயே தொடங்கியதா என்று பார்ப்போம். மணிமொழிக்கு எல்லாம் இருக்கிறது. செவிடு இல்லை. மந்தம் என்பது வேறு, இது வேறு. சில பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்திருக்கும், அது போகப் போகத்தான் தெரியும்.

"நான் வேலைக்குப் போனதாலதான் வந்துதுன்னு சொன்னாங்களே?" என்றாள் அமிர்தம்.

"யார் சொன்னாலும் தப்பு. முன்னாடி அப்படி எழுதினவங்க உண்டு. தாயால இது வர்றதில்ல. நீங்க வீட்லயே இருந்திருந்தாலும் இவ இப்படித்தான் இருந்திருப்பா."

அமிர்தம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அந்த நேரமெல்லாம் சுபாஷ் மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து புதுச்சேரிக்கு வருகிற வழியை டாக்டரம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் கேட்கிறாரா என்று அவன் பார்க்கவே இல்லை. காசியம்மாள் மெல்லிய குரலில், "இவனயும் கொஞ்சம் பாருங்கம்மா" என்றாள். "பேசுறான், ஆனா பேச்சுக்குப் பேச்சு இல்ல. ஒரு புள்ளயும் கூட சேத்துக்காது. பஸ்ஸு வேற வழியா போனா தரையில புரண்டு அழுவுறான். ஊர்ல அறிவாளின்றாங்க. எனக்கு பயமா இருக்குதுங்க."

டாக்டரம்மா அவனிடம் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நல்லா பேசுறான், புத்திசாலி. எங்க புத்தகத்துல போட்டிருக்கிற கோட்டுக்குள்ள இவன் வரமாட்டான். இந்த மாதிரி பிள்ளைங்களப் பத்தி வெளிநாட்டுல இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்காங்க. இவனுக்கு எழுதிக் கொடுக்க என்கிட்ட இப்போதைக்குப் பேர் இல்லம்மா."

திரும்புகிற பஸ் உளுந்தூர்பேட்டையைத் தாண்டியது. காசியம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உன் பொண்ணுக்கு ஒரு பேரு கெடச்சிடுச்சி அம்ருதம். யாரு கேட்டாலும் சொல்லலாம். என் புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல திமிரு புடிச்சவன்ற பேருதான். எனக்கு உம்மேல பொறாமையா இருக்குதுடி."

அதைக் கேட்டதும் அமிர்தத்துக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாக்கில் கற்கண்டு வைத்த மாதிரி இருந்தது. அவளைப் பார்த்துப் பொறாமைப்பட இந்த உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள்! அந்தத் தித்திப்பை அவள் வீடு வந்து சேரும் வரை விழுங்காமல் வைத்திருந்தாள்.

போலீஸ் கெடுபிடி ஓய்ந்து ஆண்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். அமிர்தம் அந்தப் பேரை நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தாள். களை பறிக்கிற இடத்தில், கல்யாண வீட்டில், ரேஷன் கடையில். "ஊமையா?" என்று யாராவது கேட்டால், "ஊமையில்ல. ஆட்டிசம்" என்பாள். கேட்டவர்கள் மிரண்டுபோவார்கள். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி சின்னச் சின்ன வார்த்தையாக, பிள்ளையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசினாள். வெல்ல டப்பா இந்த அடுப்படிக்கு வந்தது. காசியம்மாள் எதிர்த்துப் பேசாமல் கொடுத்தாள். ரெண்டு வருஷம் தொண்டை வற்றக் கத்தியதற்கு மணிமொழி சொன்ன முதல் வார்த்தை "வாணாம்". அமிர்தம் ஊட்டப்போன சோற்றைத் தள்ளிவிட்டுச் சொன்னாள். "வாணாம்னு சொல்லிட்டாடி என் பொண்ணு!" என்று அமிர்தம் தெருவில் ஓடினாள். அதற்கப்புறமும் மணிமொழி மொத்தத்தில் பேசியது கொஞ்சம்தான். தனியாக விட முடியாத பெண்ணாகவே வளர்ந்தாள்.

சுபாஷ் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதைத் திருத்தி அடி வாங்கினான். நல்ல மார்க் எடுத்தான். மறியல் நடந்து சில வருஷத்தில் தனி ஒதுக்கீடு வந்திருந்தது. அதில் அவனுக்குக் காலேஜில் இடமும் கிடைத்தது. அன்றைக்கு அமிர்தம் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஹாஸ்டல் சத்தமும் கேலியும் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தான். காசியம்மாள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். அமிர்தம் அவளுக்குக் காப்பி போட்டுக்கொண்டு போனாள். போட்ட காப்பியில் சர்க்கரை ஜாஸ்தி. கை தாராளமாக இருந்தது அன்றைக்கு. வெகுகாலம் கழித்து அவன் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக உட்கார்ந்தான். டிரைவர்கள் அவனோடு சிரித்துப் பேச முடியாது, ஆனால் ஏமாற்றவும் முடியாது. பெண் கொடுக்க யாரும் வரவில்லை.

பச்சமுத்து காலமானார், பின்னாடியே வீரமுத்துவும் போய்ச் சேர்ந்தான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கு முகாம் போட்டார்கள். மணிமொழிக்குப் பழைய சான்றிதழில் மனவளர்ச்சி குன்றியவர் என்றுதான் போட்டிருந்தது. ஆட்டிசத்துக்கென்று அந்தக் காலத்தில் அரசாங்கத்தில் தனி இடம் கிடையாது. இப்போது உண்டு என்று கேள்விப்பட்டு அமிர்தம் கிளம்பினாள். வழி தெரிந்தவன் என்று சுபாஷ் கூட வந்தான். முகாமில் இருந்த இளவயசு டாக்டர், பேர் தேவதர்ஷினி, மணிமொழியை முழுக்கப் பார்த்துவிட்டு, சுபாஷையும் பார்த்தார். அவன் அவரிடம் முகாமுக்கு வரும் பஸ்களின் ஒழுங்கின்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

"இவர் யாரு?"

"என் ஓரகத்தி மவன்."

"இவரை யாரும் பரிசோதிச்சதில்லையா? அப்பல்லாம் தனித்தனியா பேர் வச்சிருந்தாங்க. பேசாதவங்களுக்கு ஒண்ணு, நல்லா பேசுறவங்களுக்கு ஒண்ணு. இப்ப எல்லாத்தையும் ஒரே பேருக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. யாருக்கு எவ்வளவு துணை தேவைப்படுதுன்னு மட்டும் பிரிச்சிச் சொல்வோம். பார்த்தவுடனே முடிவு பண்ண மாட்டேன். அவங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. சின்ன வயசுல எப்படி இருந்தார்னு சொல்ல ஆள் வேணும்."

அமிர்தத்துக்கு முகம் சுருங்கியது. முப்பது வருஷத்துக்கு மேல் தன்னுடையதாக இருந்த ஒன்றே ஒன்று, அதிலும் பங்கு. இதைக் காசியம்மாளிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தாள். நினைத்து என்ன? சுபாஷ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, எனக்கும் ஆட்டிசம் இருக்கக்கூடும் எனத் தெரிவிக்கப்பட்டுள்ளது" என்று வாசித்துவிட்டான்.

ஆஸ்பத்திரிக்கு எல்லோருமாகப் போனார்கள். காசியம்மாளுக்கு அப்போது ஞாபகம் தளர்ந்துவிட்டது. டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம், "நல்லாத்தாங்க இருந்தான் என் புள்ள" என்ற ஒரே பதில். எந்த வயசில் பேசினான்? "சீக்கிரமா." மற்ற பிள்ளைகளோடு விளையாடினானா? "வெளையாடினான், வெளையாடினான்."

"இல்லக்கா" என்றாள் அமிர்தம்.

சொல்லத் தொடங்கினாள். அவன் முதலில் பேசியது அம்மா என்றல்ல, ரேடியோ வாக்கியம் என்று. பசித்தால் "எனக்கு" என்று சொல்லாமல், "சுபாஷுக்குச் சோறு வேண்டுமா" என்று காசியம்மாள் கேட்பதையே திருப்பிச் சொல்வான் என்று. கோலி விளையாடுகிற பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஆட்டத்தில் சேராமல் பஸ் ஊர்களைச் சொல்வான் என்று. மேளச் சத்தம் கேட்டால் குதிருக்குப் பின்னால் போய் ஒளிவான், பொங்கலுக்குக்கூடப் புதுச்சட்டை உடம்பில் ஒட்டாது, யாராவது கேலி செய்தால் புரியாமல் அதற்கும் நேராகப் பதில் சொல்வான் என்று. ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. நேற்று பார்த்த மாதிரி வந்தது. தேவதர்ஷினி எழுதிக்கொண்டே போனார்.

காசியம்மாள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருந்தாள்.

"ஏண்டி, பெத்தவ எனக்கே இதெல்லாம் மறந்துபோச்சி. எம் புள்ளைய இவ்ளோ பாத்துக்கினா இருந்த?"

ஏன் பார்த்தாள் என்று அமிர்தம் சொல்லவில்லை. "ஒரே வாசலுதான, கண்ணுல பட்டுது" என்றாள்.

இன்னும் இரண்டு தடவை வரச்சொல்லி, சுபாஷிடமே நிறையப் பேசி, கடைசியில் டாக்டர் உறுதியாகச் சொன்னார். இருவருக்கும் ஒரே பேர். மணிமொழிக்கு எந்நேரமும் துணை வேண்டும். சுபாஷுக்குக் கொஞ்சம் போதும். காசியம்மாள் அந்தப் பேரைச் சரியாகச் சொல்ல வராமல் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "திமிரு இல்லன்னு சொல்லிட்டாங்கடி" என்று வழியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னாள். ஒரே பேர் ஆனால் என்ன, அவள் மகன் காலையில் எழுந்து டூட்டிக்குப் போகிறான், என் மகளுக்கு நான் தலை வாரிவிட வேண்டும் என்று அமிர்தத்துக்கு உள்ளே கொதிக்கத்தான் செய்தது.

சில நாள் கழித்து இரண்டு பேரும் வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தபோது காசியம்மாள் சொன்னாள்: "எனக்கு வயசாவுது. நான் போயிட்டன்னா அவனுக்கும் நீதான் சோறு வடிக்கணும். சாம்பார் மேல ரசம் ஊத்திடாத, சாப்டமாட்டான்."

"நீ மொத போயிடுவியா? நல்லா இருக்குதே கத! ரெண்டையும் என் தலையில கட்டிட்டு நீ நிம்மதியா போய்ச் சேந்துடலாம்னு பாக்குறியா? நாந்தான் மொத."

"நாந்தாண்டி பெரியவ. மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"மொறையாவது மண்ணாவது. எல்லாத்துலயும் உனக்குத்தான் மொதல்ல கெடைக்கணுமா?" என்று அமிர்தம் கையிலிருந்த மல்லாட்டையைக் கூடையில் வீசினாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து காசியம்மாள் அவளோடு போட்ட முதல் சண்டை அது. சாயங்காலம் வரைக்கும் நடந்தது. இரண்டு பேரில் ஒருத்தியும் விட்டுக்கொடுக்கவில்லை.